ஒன்பதாவது வீடு

குடியிருந்த பையன்கள் வீட்டைக் காலி செய்த அன்று காலையிலிருந்தே தூறல். நான்கு பேரும் பெட்டிகளையும் புத்தகமூட்டைகளையும் ஒரு மினி வேனில் ஏற்றி, மேலே பாய்களைப் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு லேபக்கா உள்ளே போனாள்.

மூன்று தெரு தள்ளி இருந்த கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர் அவள். பத்தொன்பது வருடமாகக் குடுவை கழுவி, அமிலப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டி, விரல் நுனிகள் மஞ்சள் பாரித்துப்போனவள். ஆசிரியர்களில் தொடங்கி நேற்றுச் சேர்ந்த மாணவன் வரைக்கும் எல்லாருக்கும் அவள் லேபக்காதான். இந்த வீட்டுக்குச் சொந்தக்காரியும் அவள்தான் என்றால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

"செக் பண்ணிக்கோங்கக்கா. நாங்க எதுவும் உடைக்கல," என்றான் தாடி வைத்தவன்.

"கேக்கறதுக்கு முன்னாடியே உடைக்கலைன்னு சொல்றியே, அதான் சந்தேகமா இருக்கு."

முன்னறையில் சுவரெல்லாம் பசை நாடா பிய்த்த தழும்பு. குளியலறைக் கதவின் அடிப்பலகை ஊறி உப்பியிருந்தது. இதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். சமையலறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவிட்ச் பெட்டி உருகி, மெழுகுவர்த்திபோல் ஒழுகி உறைந்திருந்தது. சுவரில் கூரை வரைக்கும் கரி ஏறியிருந்தது.

"என்னப்பா இது?"

"இண்டக்‌ஷன் அடுப்பு ரெண்டு வச்சிருந்தோம்க்கா. அப்புறம் தண்ணி ஹீட்டர்..."

"எல்லாம் ஒரே பிளக்லயா?"

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டிருந்தோம்க்கா."

"எலெக்ட்ரீஷியன் வீட்ல குடியிருந்துக்கிட்டு இந்த வேலை பண்ணீங்களா? ஒரு போன் அடிச்சிருந்தா எங்க வீட்டுக்காரர் வந்து பார்த்திருப்பாரே."

தாடிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். "சாருக்குக் கால் இப்படி ஆயிடுச்சே, அவரை எப்படிக் கூப்பிடறதுன்னு..."

அவள் வாசலுக்கு வந்து குடையை எடுத்துக்கொண்டாள். பையன்கள் படித்த துறையை முப்பது கிலோமீட்டர் தள்ளிப் புது வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்னும் மூன்று துறைகளும் கூடப் போயின. அதனால்தான் இவர்களும் கிளம்பினார்கள். வேன் முனை திரும்பி மறைந்ததும் தெருவைப் பார்த்தாள். 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்காத வீடுகளில் எல்லாம் ஒரே மாதிரி புதுப் பித்தளைப் பூட்டு தொங்கியது. அந்தப் பூட்டுகளுக்கு உரியவருக்குத் தெருவில் 'எட்டு வீட்டுக்காரர்' என்று பெயர். மூன்றே மாதத்தில் எட்டு வீடுகளை வாங்கியிருந்தார். இவள் வீட்டுக்கு இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு.

லேபக்காவின் குடும்பம் இருந்தது வேறு இடத்தில். பெரிய தெருவில் ஜெராக்ஸ் கடை மாடியில் இரண்டு அறை, வாடகைக்கு. கீழே பிரதி எடுக்கும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கினால் மாடியில் தண்ணீர்க்குடத்தில் வளையம் வளையமாக அலை எழும். ஒரு அறையில் சமையலும் சாப்பாடும். மற்றதில் கணவர், அவள், பன்னிரண்டாவது படிக்கும் மகள். மகளின் படுக்கை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். புரண்டு படுத்தால் பீரோக் கதவு திறந்துகொள்ளும்.

சொந்த வீட்டை மாணவர்களுக்கு விட்டு, அந்த வாடகையில் வீட்டுக்கடனை அடைப்பது அவள் போட்ட திட்டம். ஓய்வுபெற்றுப் போன ஒரு பேராசிரியரிடமிருந்து நாலு வருடத்துக்கு முன் வாங்கியது. அதற்கு முன் இந்த ஊரில் ஐந்து வீடு மாறியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரருக்கு ஒரு காரணம் இருக்கும்: மருமகள் வருகிறாள், மராமத்து பார்க்க வேண்டும், ஜாதகத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாவது தடவை சாமான் ஏற்றிய வண்டியின் பின்னால் நடந்து வரும்போதுதான் அவள் கணவரிடம் சொன்னாள்: "எனக்குன்னு ஒரு வீடு வேணும். அதுல நான் இருக்கணும்னுகூட இல்லை. யாரும் என்னைக் காலி பண்ணச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் மாடி ஏறி வந்தபோது கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். ஒரு கிடங்கில் விளக்கு மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கியது. உள்ளே தகடு வைத்து நாலு மாதம். இன்னும் ஆறு மாதத்துக்கு ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் பாதி வீடுகளுக்கு வயர் இழுத்த மனிதர் இப்போது டிவி ரிமோட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பேச்சும் குறைந்துவிட்டது.

எதிரே அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவள். அவள் பஸ் ஏறி வந்தால் ஏதோ முடிவோடுதான் வருவாள்.

"வா, உக்காரு. உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்," என்றாள் நாத்தனார், அது தன் வீடு மாதிரி.

"டீ குடிச்சீங்களா அண்ணி?"

"உன் பொண்ணு போட்டுக் கொடுத்தா. சர்க்கரை போட மறந்துட்டா, பரவாயில்லை, எனக்குத்தான் சுகர் இருக்கே. சரி, நேரா விஷயத்துக்கு வர்றேன். அந்த எட்டு வீட்டுக்காரர் என் கடைக்கே வந்துட்டாரு. நீங்க வாங்கினதுக்கு மேலயே தர்றேங்கறாரு. பெரிய ஹாஸ்டலா கட்டப் போறாராம். நடுவுல உங்க வீடு நிக்குது, பல்வரிசையில ஒத்தைப் பல்லு ஆடாம நிக்கற மாதிரி."

"ஆடாம நிக்கறது நல்லதுதானே அண்ணி?"

"விளையாடாத. காலேஜ்ல பாதி கிளம்பிப் போச்சு. வீடு காலி. இவன் உக்காந்துட்டான். நீ ஒருத்தி வாங்கற சம்பளம் சாப்பாட்டுக்கா, இந்த வாடகைக்கா, அந்தக் கடனுக்கா? எதை வச்சு இழுக்கப் போற?"

லேபக்கா கணவரைப் பார்த்தாள். அவர் ரிமோட்டின் பின்மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அக்கா சொல்றது தப்பில்லையே," என்றார். "வித்துட்டா நிம்மதியா இருக்கலாம்."

"நிம்மதியா எங்க இருக்கலாம்? இங்கயா?"

பீரோ மூலையிலிருந்து மகள் பேசினாள். "விக்கவும் வேண்டாம், வாடகைக்கும் விட வேண்டாம். நாமளே போயிடலாம்மா. வீடுதான் காலியா இருக்கே. எனக்கு ஒரு ரூம் கிடைக்கும். இந்த வருஷம் எனக்குப் பப்ளிக் பரீட்சை."

"போனா லோன் யாருடி கட்டுவா?"

"அப்ப எதுக்கும்மா வாங்கினே? யாரோ குடியிருக்கறதுக்கா?"

கீழே இயந்திரம் ஓடத் தொடங்கியது. குடத்துத் தண்ணீர் நடுங்கியது. லேபக்கா குடையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "காலேஜ் திறக்க ரெண்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் யாரும் இதைப் பத்திப் பேச வேண்டாம். அதுக்குள்ள குடித்தனம் வரலைன்னா நானே போய்க் கையெழுத்துப் போடறேன் அண்ணி. உங்க கடையிலயே வச்சுப் போடறேன்."

"எதை நம்பி இப்படிப் பேசற?"

எதை நம்பி என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாத்தனார் சிரித்திருப்பாள். துறைகள் போனாலும் லேபக்காவை மட்டும் பழைய வளாகத்திலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். பழைய ஆய்வகத்தைச் சுத்தம் செய்து, நூறு பேருக்கு வேண்டிய புதுக் குடுவைகளுக்குப் பட்டியல் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆள் இல்லாத இடத்துக்கு நூறு செட் எதற்கு? தலைமை குமாஸ்தாவிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஸ்கூல் டீச்சருங்களுக்கு ஒரு வருஷப் பயிற்சி இங்க வருதுன்னு பேச்சு. ஆர்டர் இன்னும் வரலை. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க," என்றார்.

"டீச்சருங்கன்னா தனியா வருவாங்களா சார், குடும்பத்தோடவா?"

"ஒரு வருஷம்னா குடும்பத்தை எங்க விட்டுட்டு வருவாங்க?"

அவ்வளவுதான் அவள் கையில் இருந்தது: ஒரு பட்டியலும் ஒரு பேச்சும். அதை வைத்துக்கொண்டு, நாலு பையன்கள் படுத்து எழுந்த வீட்டை ஒரு குடும்பம் இருக்கும் வீடாக மாற்ற இறங்கினாள்.

முதல் இரண்டு வாரம் வேலை முடிந்து ஐந்து மணிக்கு நேராக அங்கே போனாள். நாலு இரும்புக் கட்டில்களைப் பழைய சாமான் கடையில் போட்டு, அந்தப் பணத்தில் சமையலறைக்கு அலமாரிக் கதவுகள் செய்ய மரம் வாங்கினாள். சுவரைச் சுரண்டினாள். குளியலறைத் தரைக்கு ஆய்வகத்துப் பழக்கத்தில் அமிலம் ஊற்றித் தேய்த்தாள். கறை போய், பேராசிரியர் காலத்து நீலப் பூ ஓடுகள் தெரிந்தன. கைகளில் கொப்புளங்கள் எழும்பி உடைந்து காய்த்தன. எல்லாம் முடியும், வயரிங் மட்டும் அவளால் ஆகாது. ஆள் வைத்துச் செய்தால் கட்டுபடியாகாது. அதற்கு மேல், ஊர் எலெக்ட்ரீஷியனின் வீட்டுக்கு வேறொரு எலெக்ட்ரீஷியன் வந்தால் கணவர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்முன் அவருடைய வேலைப்பையை வைத்தாள்.

"ஆட்டோ நிக்குது. வாங்க."

"எங்க?"

"நம்ம வீட்டுக்கு. நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? கரண்டுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?"

"அமிலத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் இருந்துச்சு? பத்தொன்பது வருஷமா ஒரு புட்டியை உடைச்சிருப்பேனா? வாங்க, ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கறாரு."

ஊன்றுகோலோடு அவர் படி இறங்கக் கால்மணி நேரம் ஆனது. வீட்டில் கூடத்தின் நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். ஏணியை விரித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

"முதல்ல மெயினை ஆஃப் பண்ணியா?"

"பண்ணிட்டேன்."

"டெஸ்டர் வச்சுப் பாரு."

"பார்த்துட்டேன்."

"இன்னொரு தடவை பாரு."

"ரெண்டு தடவை பார்த்துட்டேங்க."

"மூணாவது தடவை பாரு. கரண்டுக்கு உன்னைத் தெரியாது, நீ என் பொண்டாட்டின்னு."

பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி, மறுபக்கத்திலிருந்து இழுக்க வேண்டும். பழையது வெளியே வரவரப் புதியது சுவருக்குள் இருக்கும் குழாய்க்குள் போகும். முன்னறை சுலபமாக முடிந்தது. சமையலறையில் உருகிப்போன வயர் பாதியில் அறுந்து கையோடு வந்துவிட்டது. நீளமான வளைகம்பியைக் குழாய்க்குள் விட்டு, அது எங்கே முட்டுகிறது என்று பார்க்கச் சொன்னார். அவள் விட்டாள், முட்டியது. மறுபடியும் விட்டாள்.

"தள்ளாத. திருகு. தள்ளினா முட்டும், திருகினா வழி கேக்கும்."

"எந்தப் பக்கம் திருகறது?"

"வலது... உன் வலது இல்ல, என் வலது. அடக் கடவுளே, நான் ரெண்டு நிமிஷம் ஏறினா முடிஞ்சிடும்."

"ஏறினீங்கன்னா இந்தக் கம்பியாலயே கட்டிப்போட்டுடுவேன்."

மூன்று மணி நேரம் ஆனது கம்பி மறுமுனையில் தலைகாட்ட. சந்தோஷத்தில் அவள் கத்தியதைக் கேட்டு எதிர்வீட்டுக் காவல்காரர் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார். எந்த வயர் எதற்கு என்று மறந்துவிடாமல் இருக்க, பையிலிருந்து ஆய்வக லேபிள்களை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒட்டினாள். 'சமையல் விசிறி', 'குளியல் விளக்கு', 'அடுப்பு மட்டும்'. அவர் ஊன்றுகோலோடு எழுந்து வந்து பெட்டிக்குள் எட்டிப்பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நாலு மாதத்தில் முதல் தடவை.

"என்ன சிரிப்பு?"

"இருபத்தஞ்சு வருஷமா வேலை பாக்கறேன். வயருக்குப் பேர் வச்சு வளக்கறவளை இப்பத்தான் பாக்கறேன்."

மதியம் வீட்டிலிருந்து எடுத்துவந்த சோறும் பருப்பும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். மழை பலமாகப் பிடித்தது. கூரை ஒழுகவில்லை. சாப்பிட்ட கை காய்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். "ஏணி வழுக்கிச்சுன்னு சொன்னேன்ல. வழுக்கலை."

அவள் அவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ரெண்டு இடத்துல வேலை. அதுக்கு முந்தின நாளும் ரெண்டு இடம். அந்த மாசம் பையன்களுக்கு ஸ்காலர்ஷிப் வரலை, வாடகை தள்ளிப்போகும்னாங்க. நீ டென்ஷன் ஆவேன்னு உங்கிட்ட சொல்லலை. நானே கட்டிடலாம்னு நினைச்சேன். காலையில ஒண்ணும் சாப்பிடாம ஏறினேன், தலை சுத்திச்சு. அவ்வளவுதான்."

அவர் நீட்டியிருந்த காலைத் தடவிக்கொண்டார்.

"இந்த வீடுதான் என் காலை வாங்கிச்சுன்னு ஒரு நினைப்பு உள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதான் வித்துடலாம்னேன். தப்பா இருக்கலாம்."

தன் பிடிவாதம் என்று இத்தனை நாள் பெருமையாக நினைத்திருந்ததை அவர் சாப்பிடாமல் சுமந்திருக்கிறார். லேபக்கா எழுந்து கையைக் கழுவினாள். ஏணிக்குப் போய் இரண்டு படி ஏறி நின்றாள். திரும்பாமலே கேட்டாள்:

"இப்பவும் விக்கணும்னு தோணுதா? தோணுச்சுன்னா சொல்லுங்க. மனசார சொல்றேன், இப்பவே இறங்கிடறேன். எட்டு வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுவோம்."

அவர் அண்ணாந்து பார்த்தார்.

"இறங்காத," என்றார். "அந்தக் கிளாம்ப்பை இறுக்கு. லூசா விட்டிருக்க."

அவள் இறுக்கினாள். கண் மறைத்தது, துடைக்கக் கை இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு எட்டு வீட்டுக்காரரே வந்தார். வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து உள்ளே வந்து, புது சுவிட்ச் பெட்டிகளையும் சுண்ணாம்பு அடித்த சுவரையும் பார்த்தார். மரியாதையான மனிதர். பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த டீயை முழுதும் குடித்தார்.

"எதுக்கும்மா இவ்வளவு வேலை? நான் வாங்கினா இடிக்கத்தான் போறேன். இந்தச் செலவையும் சேர்த்தே தர்றேன், போதுமா?"

லேபக்கா வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து கணவர் பேசினார்.

"இடிக்கற வீட்டுக்கு யாராவது எர்த் போடுவாங்களா சார்?"

"சார், நீங்க கால் முடியாம இருக்கீங்க. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். சுத்தி நான் கட்டிடம் எழுப்பினா உங்களுக்கு வெளிச்சம் வராது, காத்து வராது. அப்புறம் பாதி விலைக்குக்கூட யாரும் வாங்க மாட்டாங்க."

"வெளிச்சத்துக்கு நான் இருக்கேன் சார், அது என் தொழில். நீங்க கட்டுங்க. உங்க ஹாஸ்டலுக்கு வயரிங் வேலை இருந்தா சொல்லுங்க, ஆறு மாசத்துல வந்துடறேன். வீடு கொடுக்கறதா இல்லை."

எட்டு வீட்டுக்காரர் லேபக்காவைப் பார்த்தார். "என்னம்மா, ரெண்டு பேரும் யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"அவர் சொல்லிட்டாரே," என்றாள். சொல்லும்போது குரலில் வந்த மிதப்பை அவளால் மறைக்க முடியவில்லை.

மிதப்பு இரண்டு வாரம்தான் தாங்கியது. கல்லூரி திறக்கும் நாள் நெருங்கியது, ஆர்டர் வரவில்லை. ஆய்வகத்தில் நூறு செட் குடுவைகள் வைக்கோலோடு பெட்டியிலேயே கிடந்தன. வீடு பார்க்க வந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் மாடு கட்ட இடம் இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவருக்குப் பழைய இரும்புக் கிடங்காக வேண்டுமாம். மூன்றாமவர் பாதி வாடகைக்குக் கேட்டார். அதுவும் முதல் ஆறு மாதம் கழித்துத் தருவாராம். அந்த மாதத் தவணைக்கு லேபக்கா வளையல்களைக் கழற்றினாள். நாத்தனார் போனில் தேதி கேட்டாள்.

"இன்னும் ஒன்பது நாள் இருக்கு அண்ணி."

"ஒன்பது நாள்ல வானம் இடிஞ்சா விழப்போகுது?"

"விழட்டும். சொன்ன தேதின்னா சொன்ன தேதிதான்."

ஆர்டர் ஆறாவது நாள் வந்தது. தலைமை குமாஸ்தா காரிடாரில் அவளைப் பார்த்துக் கண்ணாடியைத் தூக்கி தலையை ஒரு தடவை அசைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானமே அவள் ஒரு அட்டையில் எழுதி அலுவலக அறிவிப்புப் பலகையில் குத்தினாள்: 'தனி வீடு. இரண்டு படுக்கையறை. புது வயரிங். குடும்பத்துக்கு மட்டும்.' எட்டாவது நாள் ஒரு பெண் குரல் போனில் கேட்டது. தொலைவிலிருந்து பயிற்சிக்கு வரும் கணக்கு டீச்சர். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார்.

"வீட்ல வெளிச்சம் வருமாங்க? மாமியாருக்குக் கண்ணு சரியில்லை."

"வரும்மா. நீங்க வாங்க."

முன்பணம் வந்து சேர்ந்தது. ஞாயிறன்று குடிவருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை கடைசியாக ஒரு தடவை துடைத்துப் பெருக்க மூவரும் போனார்கள். மகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அவள் இந்த இரண்டு மாதமும் அங்கே கால் வைக்கவில்லை.

வேலை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுக் கூடத்தில் சும்மா உட்கார்ந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. பின்னறை ஜன்னல் வழியாகத் தரையில் கட்டம் கட்டமாக வெளிச்சம் விழுந்தது. மகள் எழுந்து அந்த அறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. லேபக்கா போய்ப் பார்த்தாள். வெறுந்தரையில் வெயிலுக்குள் கையையும் காலையும் அகல விரித்து மல்லாந்து படுத்திருந்தாள்.

"எதுவும் இடிக்கலைம்மா," என்றாள்.

லேபக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு தானும் படுத்தாள். சில்லென்ற தரை. நாலு வருடமாகச் சொந்தமான வீட்டில் அவள் முதுகு சாய்த்தது அப்போதுதான்.

"இருந்துடலாம்மா. ப்ளீஸ். நான் பள்ளிக்கூடம் விட்டு வேலைக்குப் போறேன். பகுதி நேரமா ஏதாவது..."

"வாயை மூடு. படிக்கற பிள்ளை பேசற பேச்சா இது?"

அதட்டிவிட்டாளே தவிர, அவளுக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை. இப்போதே அந்த டீச்சருக்குப் போன் செய்து, வீடு இல்லை என்று சொல்லிவிட்டால்? ஒரு வார்த்தைதான். மகளுக்கு இந்த அறை. அவருக்கு வாசலில் ஒரு நாற்காலி. கீழே இயந்திரச் சத்தம் இல்லாத ஒரு தூக்கம். எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்று எண்ணிப் பார்த்தாள். மூன்று. இழுத்துப் பிடித்தால் நாலு. அதற்குப் பிறகு வங்கிக்காரர்கள் வருவார்கள். ஒன்பதாவது பித்தளைப் பூட்டும் தொங்கும்.

"இன்னும் பதினோரு வருஷம்," என்றாள் கூரையைப் பார்த்தபடி. "அதுவரைக்கும் இந்த வீடு நம்மளைத் தாங்காது. நாமதான் அதைத் தாங்கணும்."

"பதினோரு வருஷத்துல எனக்கு இருபத்தெட்டு வயசும்மா. இந்த ரூம் எனக்கு எதுக்கு?"

லேபக்கா கையை நீட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் கட்டம் சுவருக்கு ஏறும் வரைக்கும் இருவரும் அப்படியே கிடந்தார்கள். பிறகு லேபக்கா எழுந்து, படுத்திருந்த இடத்தை ஈரத்துணியால் மறுபடியும் துடைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு லாரி வந்தது. முன்னிருக்கையிலிருந்து கணக்கு டீச்சர் இறங்கினாள். நாற்பது வயது இருக்கும், தோளில் பெரிய பை. பின்னால் மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். வாசலில் லேபக்கா பழைய புடவையில், முழங்கைவரை புழுதியோடு, துடைப்பத்தைப் பிடித்து நின்றிருந்தாள். ஊன்றுகோல் ஊன்றியிருந்த மனிதரையும் அவளையும் டீச்சர் மாறிமாறிப் பார்த்தாள்.

"வேலை எல்லாம் முடிஞ்சுதாம்மா? சாவி உங்ககிட்ட இருக்கா? ஓனரம்மா எப்ப வருவாங்க?"

லேபக்கா துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தடுமாறினாள். பின்னால் திண்ணையில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து வந்தாள்.

"இவங்கதான் ஓனர்," என்றாள். "எங்கம்மா. உள்ள இருக்கற வயர் முழுக்க அவங்களே இழுத்தது. வாங்க ஆன்ட்டி, நான் காட்டறேன்."

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா நினைச்சுக்காதீங்க..."

"அதுல என்ன இருக்கு, வாங்க," என்றாள் லேபக்கா.

மகள் முன்னால் போனாள். சமையலறைச் சுவிட்சைப் போட்டுக் காட்டினாள், குழாயைத் திறந்து காட்டினாள். பின்னறை வாசலில் ஒரு கணம் நின்றாள். டீச்சரின் சின்னப் பெண் அவளைத் தாண்டி உள்ளே ஓடி, "இது என் ரூம்!" என்று கத்தியது.

"மத்தியானத்துக்கு மேல நல்லா வெயில் வரும்," என்றாள் மகள் அந்தக் குழந்தையிடம். "ஜன்னல் பக்கத்துல டேபிளைப் போட்டுக்கோ."

சாவியை வாங்கிக்கொண்டு டீச்சர் கேட்டாள்: "நீங்க எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான். ஜெராக்ஸ் கடை மாடி."

"அதுவும் உங்களோடதா?"

"இல்லைங்க, வாடகை."

"சொந்த வீட்டை விட்டுட்டு வாடகைக்கா?"

"இது சொந்தமாவே இருக்கணும்ல," என்றாள் லேபக்கா. "அதுக்குத்தான்."

லாரியிலிருந்து ஒரு பெரிய பீரோவை இறக்க இரண்டு பேர் திணறிக்கொண்டிருந்தார்கள். கணவர் ஊன்றுகோலை நீட்டி, "திருப்பிப் பிடிங்கப்பா, வாசப்படி உயரம்!" என்று வழி சொன்னார். லேபக்கா புடவையைச் செருகிக்கொண்டு, பீரோவின் ஒரு மூலைக்குக் கைகொடுக்கப் போனாள். எதிர்மூலையில் மகள் ஏற்கெனவே கை வைத்திருந்தாள்.

"தூக்கும்மா," என்றாள்.